மறுக்கிறார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் முதல் வரியை நான் மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டேன். கதைக்காக எழுதியதல்ல. மயிலாடுதுறையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருந்தபோது, ஒரு கேஸ் ஷீட்டில் இங்கிலீஷில் எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நோயாளி மது அருந்தியதை மறுக்கிறார்."

இப்படி எழுத வேண்டும் என்று கல்லூரியில் யாரும் பாடம் நடத்தவில்லை. சீனியர் எழுதுவதைப் பார்த்து ஜூனியர் எழுதுவதுதான். சர்க்கரை இல்லை என்று நோயாளி சொன்னால் "சர்க்கரை இல்லை" என்று எழுதுவேன். குடிக்கவில்லை என்று சொன்னால் மட்டும் என் பேனா "மறுக்கிறார்" என்று எழுதும். அவர் சொன்னதை எழுதியது போலவும் இருக்கும், நான் நம்பவில்லை என்பதும் அதிலேயே இருக்கும்.

அந்த நோயாளி சாமிதுரை. அவர் மனைவி கனகா. இப்போது எனக்குக் குத்தாலத்தில் சொந்தமாக ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. அந்தத் தெருவில்தான் கனகா மீன் விற்கிறார். போன வருஷம் ஒருநாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நீங்க மாயவரத்துல இருந்தவங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு பதினைந்து நாள், தினம் கொஞ்சமாக, சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

(நேரில் அவர் எனக்குக் கனகாம்மா. கதைக்குள் "அவள்" என்று எழுதப்போகிறேன். பக்கத்தில் போக வேறு வழி தெரியவில்லை. அவர் சம்மதித்தார்.)

2

முதல் தொடக்கம்: ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அன்று காலை சாமிதுரைக்கு வயிற்றில்

இல்லை. வலியில் தொடங்கினால் அவர் நோயாளியாகத்தான் கதைக்குள் வருவார். என்னிடம் அப்படித்தான் வந்தார். நோயாளி என்பதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

இரண்டாவது: ஒரு காலத்தில் பெரிய குடிகாரராக இருந்த சாமிதுரை

இதுவும் வேண்டாம். இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டால், அடுத்து எது நடந்தாலும் வாசிக்கிறவர் பாட்டிலைத்தான் தேடுவார்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் கிராமத்திலிருந்து தினமும் விடிகாலையில் ஒரு குட்டியானை வண்டி குத்தாலத்துக்குக் கிளம்பும். பின்னால் எட்டுப் பெண்களும் எட்டு அன்னக்கூடைகளும். ஐஸ் உருகி, வண்டியின் பின்கதவு வழியாகச் சொட்டிக்கொண்டே வரும். ஓட்டுகிறவர் சாமிதுரை. கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அவர் தேடிக்கொண்ட தொழில் அது. சம்பா நட்ட வயல்களுக்கு நடுவே அந்த வண்டி வருவதைப் பார்த்து, டீக்கடைக்காரர்கள் பாலை அடுப்பில் ஏற்றுவார்கள். கல்யாணமாகாத பெண்ணைக்கூட அவர் வண்டியில் தனியாக ஏற்றி அனுப்புவார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. அதற்கு ஒன்பது வருஷம் முன்பு வரை அவர் குடிக்கக் காரைக்கால் பக்கம் போனால் திரும்பி வர இரண்டு நாள் ஆகும். கனகாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்த நாளும் உண்டு. பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நிறுத்தினார்? கனகாவிடம் மூன்று முறை கேட்டேன். தெரியாது என்றாள். அவரிடம் கேட்டதற்கு, "பிடிக்கல, விட்டுட்டேன்" என்றாராம். கதை எழுதுகிறவளுக்கு இது சங்கடம். மகள் அழுதாள், கோயிலில் சத்தியம் செய்தார் என்று எதையாவது போட்டால்தான் வாசகர் நம்புவார். போட்டும் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். காரணம் இல்லாத இடத்தில் கைக்கு எட்டிய காரணத்தை எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதில் அடிபட்டதுதான் இந்தக் குடும்பம்.

3

அன்று குத்தாலத்தில் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சாமிதுரை வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மேல்வயிற்றில் கிளம்பிய வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. மூன்று முறை வாந்தி எடுத்தார். கனகாவும் பக்கத்துக் கூடைக்காரி நாகம்மாளும் அவரை ஆட்டோவில் ஏற்றி மாயவரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ரத்தப் பரிசோதனையில் கணையம் அழன்று வீங்கியிருப்பது தெரிந்தது. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கும் ஒரு சுரப்பி. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பது. அது அழன்றால் அந்த நீர் தன்னையே தின்னத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: பித்தப்பைக் கல், இல்லாவிட்டால் குடி. ஸ்கேனில் கல் இல்லை. ரத்தத்தில் கொழுப்பும் சரியாக இருந்தது. மீனவர், வயது ஐம்பத்தொன்பது, கேட்டால் குடிக்கவில்லை என்கிறார். எனக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கனகாவை வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டேன்.

"முன்னாடி குடிப்பாராம்மா?"

"குடிச்சாரு. விட்டு ஒம்போது வருசமாச்சு."

"விட்டுட்டதா யாரு சொன்னா? அவரா?"

நான் இன்னொன்றும் சொன்னேன். கல்லும் இல்லை, கொழுப்பும் இல்லை, ரத்தம் பொய் சொல்லாது என்றேன். அவள் தலையாட்டினாள். அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

(ரத்தம் பொய் சொல்லவில்லைதான். கணையம் அழன்றிருக்கிறது என்று மட்டும் சொன்னது. ஏன் என்று அது சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். ரத்தத்தில் மது இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது ஷீட்டைப் பார்த்துவிட்டு, என் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.)

(இன்னொன்று. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். அந்தப் படத்தைக் கனகா மஞ்சள் பையில் வைத்து இன்னும் பத்திரமாக வைத்திருந்தாள், கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதயத்தின் நிழலுக்குப் பின்னால் வட்டமாக ஒரு காற்றுப்பை, அதில் பாதி நீர். அன்று நான் தேடியது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்பதை மட்டும். அது இல்லை. படத்தை உறையில் போட்டுவிட்டேன்.)

நான்காம் நாள் வலி அடங்கியது, வீட்டுக்கு அனுப்பினோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம் என்ற இடத்தில் மது என்று இருந்தது. அதைத் தமிழில் படித்துச் சொன்னது அவர்கள் மகள் பூமிகா. சீர்காழியில் வாழ்க்கைப்பட்டவள், படித்தவள். அவள் படித்து முடித்ததும் சாமிதுரை மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"நான் குடிக்கல கனகா."

அவளிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

4

இங்கே எனக்குக் கனகாமீது ஒரு சந்தேகம் வந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை முதலில் எழுதியபோது அவளை ஈவிரக்கம் இல்லாதவளாக எழுதியிருந்தேன். பாத்திரத்தை வீசினாள், ஊரைக் கூட்டினாள் என்றெல்லாம் வந்தது. அவள் எதையும் வீசவில்லை. அவளை எவ்வளவு கொடுமைக்காரியாக்குகிறேனோ, அவ்வளவுக்கு என் பங்கு குறையும் என்று என் கை கணக்குப் போட்டிருக்கிறது. நடந்தது இதைவிடச் சின்னது.

அவர் மறுபடி வண்டி எடுத்த அன்று அவள் அதில் ஏறவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்து பஸ் ஏறினாள். அவ்வளவுதான். மற்ற ஏழு பேரும் பார்த்தார்கள். நாகம்மாள் ஏன் என்று கேட்டதற்கு, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஒரு வாரத்தில் வண்டியில் மூன்று பேர்தான். தை பிறப்பதற்குள் ஒருவரும் இல்லை. பெண்டாட்டியே ஏறாத வண்டியில் யார் ஏறுவார்கள்? சாமிதுரை தேங்காய் மூட்டைக்கும் ஐஸ் பாளத்துக்கும் ஓட்ட ஆரம்பித்தார்.

அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். மத்தியானம் அவர் அசந்திருக்கும்போது பக்கத்தில் குனிந்து மூச்சை மோந்து பார்ப்பாள். புளித்த வாடை வரும். சாப்பிட்டது மேலே எதுக்களித்து வருகிற வாடை அது. அவளுக்கு அது வேறாகத் தெரிந்தது. ஒருமுறை அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டாராம்.

அவர் படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே தூங்குவார். நாலு வருஷமாக அப்படித்தான். படுத்தால் நெஞ்சை அடைக்கிறது என்பார். இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்று எழுந்துவிடுவார். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இப்போது அவளுக்கு அதெல்லாம் குற்றம் உள்ளவன் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பதாகப் பட்டது.

மாசியில் அவருக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று பூமிகா ஆறு மாதமாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். குருக்களிடம் நாள் குறித்தாயிற்று, அப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டியும் அம்மாவுக்குக் கூறைப்புடவையும் எடுத்தாயிற்று. கனகா வேண்டாம் என்றாள். மகள் கெஞ்சினாள். கனகா சொன்னது ஒரு வாக்கியம். என்னிடம் அதைத் திரும்பச் சொல்லும்போது மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவரு கையால இன்னொரு தாலி எனக்கு வேணாம்."

அடுத்த அறையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாள் வந்தது. காலையில் சாமிதுரை குளித்துவிட்டு, மகள் எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எங்கேயும் கிளம்பவில்லை. கனகா அடுப்படியிலிருந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே போய் வேட்டியை அவிழ்த்து, பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைத்துவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு ஐஸ் ஏற்றப் போய்விட்டார்.

(இந்த இடத்தில் அவள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "அப்படில்லாம் ஒண்ணும் நினைக்கல. கொழம்பு கொதிச்சிட்டு இருந்துச்சு, அதக் கிண்டினேன்" என்றாள். எடுத்துவிட்டேன்.)

5

கதையை இங்கே நிறுத்திவிட்டு ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் கணைய அழற்சிக்குக் காரணங்கள் என்று ஒரு பக்கம் உண்டு. கல்லையும் குடியையும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு ஜாபிதா. ரத்தத்தில் கொழுப்பு எகிறுவது. சுண்ணாம்புச் சத்து ஏறுவது. சில மாத்திரைகள். வயிற்றில் பட்ட அடி. பொன்னுக்கு வீங்கி. எங்கோ ஒரு தீவில் இருக்கும் தேளின் கடி. உடம்பே தன் கணையத்தை எதிரியாக நினைப்பது. இன்னும் கீழே, கிட்டத்தட்ட அடிக்குறிப்பாக, ஹையாட்டஸ் ஹெர்னியா.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத்தட்டு இருக்கிறது. உணவுக்குழாய் இறங்குவதற்கு அதில் ஒரு துளை. வயதாக ஆக அந்தத் துளை சிலருக்குத் தளர்ந்து, இரைப்பையின் ஒரு ஓரம் மேலே எட்டிப் பார்க்கும். அது சாதாரணம். நெஞ்செரிச்சலோடு போய்விடும். வெகு சிலருக்குத் துளை மிகவும் பெரிதாகி, இரைப்பை முழுவதுமாக நெஞ்சுக்குள் ஏறிவிடும். அதிலும் அபூர்வமாக, பின்னால் ஒட்டியிருக்கும் கணையத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இழுபட்ட கணையம் அழலும்.

அந்தப் பொடி எழுத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். அதற்கு மார்க் வாங்கினேன். வராந்தாவில் கனகா நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. பெரிய எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

6

இரண்டாவது முறை வலி வந்தது ஆனியில். இந்தத் தடவை மூச்சும் வாங்கியது. பூமிகா பிடிவாதமாகத் தஞ்சாவூருக்கே கொண்டுபோக வேண்டும் என்றாள். ஆம்புலன்ஸில் கனகா அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். எட்டு மாதமாகப் பேசவில்லை, இப்போது எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. வழியெல்லாம் குறுவை நடவு. வண்டி பாலத்தில் ஏறியபோது அவர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "ஆத்துல தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அவள் பதில் சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டார்.

தஞ்சாவூரில் அவரைப் பார்த்த சர்ஜன் இராஜாங்கம் என்பவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் கனகாவையும் பூமிகாவையும் உட்காரவைத்துத் திரையில் படத்தைக் காட்டினார். குடலிறக்கம் கேள்விப்பட்டிருப்பீர்கள், இது ஏற்றம் என்றார். இரைப்பை நெஞ்சுக்குள் இருந்தது. என் எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் தெரிந்த காற்றுப்பை அதுதான். கணையத்தின் பாதியும் அதனோடு ஏறியிருந்தது. எவ்வளவு நாளாக உட்கார்ந்தே தூங்குகிறார் என்று அவராகவே கேட்டார்.

கனகாவுக்கு அந்தக் கேள்வியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"குடிச்சதால வந்ததில்லையா, சார்?"

"இதுக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்லம்மா."

அவள் அழவில்லை. அதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். தமிழில் எழுதித் தந்தார். கணையம் தணிந்த பிறகு, ஆறு வாரம் கழித்து ஆபரேஷன் செய்து இரைப்பையைக் கீழே இறக்கித் துளையைத் தைத்தார்கள். சாமிதுரை பிழைத்துக்கொண்டார். ஊருக்கு வந்ததும் கனகா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் போனாள். படிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்தாள், தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டச் சொன்னாள். நாகம்மாள் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாளைக்கே வண்டிக்கு வருகிறோம் என்றாளாம்.

அவர் ஏற்றவில்லை. சண்டை எதுவும் இல்லை. ஐஸுக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன், இடம் இல்லை என்றார்.

7

இந்த இடத்தை எட்டு முறை எழுதியிருக்கிறேன். எட்டிலும் கனகா அவர் காலில் விழுந்தாள். உண்மையில் அவள் கஞ்சி கொண்டுபோய் வைத்தாள். அவர் இப்போது படுத்துத் தூங்க ஆரம்பித்திருந்தார். எழுப்பி உட்காரவைத்தாள். பிறகு சொன்னாள்.

"நான் செஞ்சது தப்புதான். நீங்க குடிக்கலன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார். கோபம் இல்லாமல் கேட்டார்.

"குடிச்சிருந்தேன்னே வச்சுக்க. அப்ப நீ செஞ்சது சரியா?"

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். மகள் வந்தால் சிரித்துப் பேசுகிறார்கள். அறுபதாம் கல்யாணம் நாள் தாண்டிவிட்டது, இனி எழுபதுக்குத்தான் என்று குருக்கள் சொல்லிவிட்டார். கனகா இன்னும் பஸ்ஸில்தான் வருகிறாள். வழியில் எங்காவது ஐஸ் வண்டி பஸ்ஸைத் தாண்டிப் போகும். அவர் ஒரு ஹாரன் அடிப்பார். அவளுக்காக அடிக்கிறாரா, பஸ்ஸுக்கு அடிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது.

இதைச் சொன்ன அன்று என்னிடம் கேட்டாள்: "அதுக்கு என்ன பதில் சொல்றது டாக்டரம்மா?" அந்தக் கேள்வி என்னையும் சேர்த்துத்தான் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. அவர் குடித்தேதான் இருந்தார் என்றாலும், வராந்தாவில் நான் அவளிடம் பேசிய விதம் சரிதானா? அந்த "அவரா?" சரிதானா? சின்ன எழுத்தைப் படிக்க மறந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு எப்படிக் கேட்பது?

8

முடிவு ஒன்று: டாக்டர் அவர் வீட்டுக்குப் போகிறாள். சாமிதுரை வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்கிறாள். "பரவால்லம்மா, நீங்க என்ன வேணும்னே செஞ்சீங்களா" என்கிறார். கனகா டீ

அடித்துவிட்டேன். இது எனக்கு வேண்டிய முடிவு.

முடிவு இரண்டு: அவர் டாக்டரைப் பார்க்க மறுத்து

இதையும் அடித்துவிட்டேன். தண்டனை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது என்று எனக்கு ஒரு நிம்மதி வரும். அதற்கும் அவரைத்தான் பயன்படுத்துகிறேன்.

போன திங்கட்கிழமை இதுவரை எழுதியதைக் கனகாம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கூடையை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இதுல நீங்க பேசுறீங்க, நான் பேசுறேன். அவரு எங்க பேசுறாரு?"

திருப்பிப் பார்த்தேன். மனிதர் இவ்வளவு நீளக் கதையில் வாயைத் திறந்த இடங்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். எட்டு மாதம் அவர் ஐஸ் வண்டியில் தனியாகப் போய் வந்தபோது என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது, கனகாம்மாவுக்கும் தெரியாது. இருவருமே கேட்டதில்லை.

"வெள்ளிக்கிழமை வீட்லதான் இருப்பாரு. வந்து கேளுங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நாளை வெள்ளி. போகிறேன். அவர் பேசுவாரா, தேங்காய் ஏற்ற வேண்டும் என்று கிளம்பிவிடுவாரா, தெரியாது. எதுவானாலும் அது அவருடையது. இங்கே அதை எழுத மாட்டேன். முடிவில்லாமல் கதையை மூட மனம் வராதவர்கள் கீழே இருக்கும் வெற்றிடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கனகாம்மாவை வண்டியில் ஏற்றலாம், ஏற்றாமலும் விடலாம். என்னை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் சரி. ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: அவரைக் கேட்காமல் அவரை மன்னிக்க வைத்துவிடாதீர்கள்.